பெங்களூரில் ஓட இடம் தேடும் நம் ஊர்க்காரர்களுக்கு

காவேரிப்பட்டணத்தைச் சேர்ந்த ஒரு தங்கை கேட்டிருந்த கேள்வி இது: பள்ளிக் காலத்திலிருந்து தினமும் ஓடிப் பழகியவர், எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை கிடைத்து அடுத்த மாதம் பெங்களூர் போகிறார், அந்த நெரிசலில் ஓடுவதற்கு இடம் இருக்குமா, மரமும் தண்ணீரும் கண்ணில் படும்படியான பாதைகள் எவை, தனியாக ஓடலாமா என்று விசாரித்திருந்தார். நான் கிருஷ்ணகிரியில் இருப்பவன். வேலை நிமித்தம் பதினான்கு ஆண்டுகள் பெங்களூரில் குடியிருந்து, அந்த ஆண்டுகளில் பெரும்பாலான காலைகளை அந்நகரின் பூங்காக்களிலும் ஏரிக்கரைகளிலும் ஓடிக் கழித்தவன். ஆகவே எனக்குத் தெரிந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பாதைகளைச் சொல்வதற்கு முன்னால் அந்த ஊரின் தரை எப்படி அமைந்திருக்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். அது புரிந்துவிட்டால் எந்தத் தெருவில் கால் வைத்தாலும், எங்கே ஏற்றம், எங்கே இறக்கம், எங்கே நிழல் என்பது தானாகவே தெரியத் தொடங்கும். கிருஷ்ணகிரி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பெங்களூர் 900 மீட்டருக்கும் மேலே. அந்த மேட்டு நிலத்தின் நடுவே வடக்குத் தெற்காக ஒரு முகடு ஓடுகிறது. முகட்டுக்கு மேற்கே விழும் மழைநீர் விருஷபாவதி வழியாக அர்க்காவதியில் கலந்து, காவிரியில் சேர்ந்து, ஒகேனக்கல்லில் நம் தருமபுரி மாவட்டத்துக்குள் நுழைகிறது. கிழக்கே விழும் நீர் ஏரி ஏரியாக இறங்கித் தென்பெண்ணையில் சேர்ந்து, ஓசூருக்கு அருகிலுள்ள கெலவரப்பள்ளி அணையைக் கடந்து, நம் கிருஷ்ணகிரி அணைக்கு வருகிறது. பெங்களூரில் பெய்யும் மழையில் ஒரு பங்கு தருமபுரிக்கும் ஒரு பங்கு கிருஷ்ணகிரிக்கும் வந்து சேர்கிறது என்பதை, அங்கே ஓடத் தொடங்கிச் சில ஆண்டுகள் கழித்துத்தான் நான் உணர்ந்தேன். அதன்பிறகு அந்த ஊர் எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை.

பள்ளத்தாக்குகளை மறித்துக் கரை கட்டி, ஒன்று நிரம்பினால் அடுத்ததற்கு நீர் போகும்படி முன்னோர் அமைத்த ஏரிச் சங்கிலிதான் பழைய பெங்களூர். ஏரிகளை இணைக்கும் பெரிய வாய்க்காலை அங்கே ராஜகாலுவே என்கிறார்கள். பொம்மசந்திரா, சிங்கசந்திரா, ஹொங்கசந்திரா என்று நீங்கள் கேள்விப்படப்போகும் பெயர்களில் வரும் 'சந்திரா', 'சமுத்திரம்' என்ற சொல்லின் தேய்வு. கோடிஹள்ளி என்னும் பெயரில் இருப்பது, ஏரி நிரம்பி வழிவதை 'ஏரி கோடி போகுது' என்று நம் பக்கத்தில் இன்றும் சொல்கிறோமே, அதே கோடி. ஓடுபவருக்கு இதனால் என்ன பயன் என்றால், ஏரியை நோக்கி ஓடும் பாதை இறக்கமாகவும் ஏரியை விட்டு வீடு திரும்பும் பாதை ஏற்றமாகவும் இருக்கும். போகும்போது வேகத்தை அடக்கிக்கொள்ளாதவர்கள் திரும்பும்போது நடந்துதான் வருவார்கள்.

இனி இடங்களுக்கு வருகிறேன். ஒரே ஓர் இடத்தைச் சொல் என்றால் நான் லால்பாக்கைத்தான் சொல்வேன். ஹைதர் அலி 1760-இல் தொடங்கி, திப்பு சுல்தான் விரிவுபடுத்திய அந்தத் தோட்டம் 240 ஏக்கர் பரப்புடையது. காலை 6 மணிக்குக் கதவு திறக்கிறது. காலையில் நடப்பவர்களுக்கும் ஓடுபவர்களுக்கும் கட்டணம் இல்லை. வெளிச்சுற்றாக ஓடினால் ஒரு சுற்று மூன்று கிலோமீட்டருக்குக் குறையாது. நாற்புறமும் வாசல்கள் இருப்பதால் எந்தப் பகுதியிலிருந்து வந்தாலும் உள்ளே நுழைந்துவிடலாம். 1889-இல் அடிக்கல் நாட்டப்பட்ட கண்ணாடி மாளிகையைச் சுற்றியுள்ள சாலைகளில்தான் கூட்டம் அதிகம் இருக்கும். தென்பகுதியில் உள்ள ஏரிக்கரை அமைதியானது. நீரையொட்டிய மரங்களில் நீர்க்காகங்கள் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருப்பதைப் பார்த்தபடியே ஓடலாம்.

ஆனால் லால்பாக்கில் நம் ஊர்க்காரர் தவறாமல் பார்க்க வேண்டியது அங்குள்ள பாறை. வாசலுக்கு அருகிலேயே, யானை படுத்திருப்பதுபோல் ஒரு பெரிய வழுக்குப் பாறை எழுந்து நிற்கிறது. 300 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட இந்தத் தீபகற்ப நைஸ் பாறையை இந்திய நிலவியல் ஆய்வுத்துறை தேசிய நிலவியல் சின்னமாக அறிவித்து, அங்கேயே பலகையும் வைத்திருக்கிறது. விடியற்காலையில் சாய்வான வெயில் படும்போது குனிந்து பாருங்கள்: சாம்பல் நிறமும் வெள்ளையும் மாறி மாறி, நெய்த புடவையின் கரைபோல் வரி வரியாக ஓடும், சில இடங்களில் அந்த வரிகள் மடிந்து சுருண்டிருக்கும். நம் பக்கத்துக் குன்றுகளிலும் கல் குவாரிகளிலும் அறுத்துப் போட்ட பலகைகளிலும் சிறுவயதிலிருந்து பார்த்த வரிகள்தான் அவை. உச்சியில், பெங்களூரை நிறுவிய கெம்பேகௌடர் பெயரால் வழங்கும் சிறு கோபுரம் ஒன்று இருக்கிறது. ஓட்டத்தின் முடிவில் அதுவரை ஒருமுறை ஏறி இறங்கினால் தொடைக்கு நல்ல பயிற்சி. மழை பெய்த மறுநாள் மட்டும் ஏற வேண்டாம். பாசி படிந்த இடத்தில் எந்தக் காலணியும் நிற்காது.

எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து லால்பாக் வருவது முன்பெல்லாம் பெரும்பாடு. 2025 ஆகஸ்டில் மெட்ரோவின் மஞ்சள் தடம் பொம்மசந்திராவிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டி வழியாக ஆர்.வி. ரோடு வரை திறக்கப்பட்ட பிறகு அந்தச் சிரமம் தீர்ந்தது. ஆர்.வி. ரோட்டில் பச்சைத் தடத்துக்கு மாறினால் ஜெயநகர், சவுத் எண்ட் சர்க்கிள், அடுத்தது லால்பாக். ஞாயிற்றுக்கிழமை முதல் ரயில் எத்தனை மணிக்கு என்பதை முதல்நாளே பார்த்துக்கொள்ளுங்கள். விடியும் முன் போய்ச் சேர நினைத்தால் ரயில் உதவாது. என்னைக் கேட்டால் ஆர்.வி. ரோட்டிலேயே இறங்கி, ஜெயநகரின் உட்தெருக்கள் வழியாக லால்பாக்குக்கு ஓடியே போவது இன்னும் நல்லது. 1948-இல் தொடங்கப்பட்ட ஜெயநகர், திட்டமிட்டு அமைத்த குடியிருப்பு. தெருக்கள் நேரானவை, அகலமானவை, இருபுறமும் மரங்கள் வளைந்து பந்தல் போட்டிருக்கும். பிரதான சாலையை விட்டு ஒரு தெரு உள்ளே தள்ளி ஓடினாலே போதும், வண்டிச் சத்தம் பாதியாகக் குறைந்துவிடும்.

லால்பாக்கின் மேற்கு வாசலில் வெளியேறினால் பசவனகுடி. ஒற்றைக் கல்லில் செதுக்கிய பெரிய நந்தி இருக்கும் கோயிலும், அதை ஒட்டிப் பியூகிள் ராக் என்னும் பாறைப் பூங்காவும், காந்தி பஜாரும் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில் இருப்பவை. அந்த நந்தியின் காலடியில்தான் விருஷபாவதி பிறக்கிறது என்பது அங்குள்ள நம்பிக்கை. ஒகேனக்கல்லுக்கு வரும் நீரில் ஒரு துளியேனும் இங்கிருந்து புறப்பட்டது என்று எண்ணியபடி அந்த ஏற்றத்தில் ஓடுவது எனக்கு எப்போதும் பிடித்தமானது. கார்த்திகை மாதத்தின் கடைசித் திங்களன்று அங்கே கடலைக்காய்த் திருவிழா நடக்கும். நம் மாநிலத்திலிருந்தும் வியாபாரிகள் மூட்டையோடு போய்ச் சாலையோரம் குவித்து விற்பார்கள். அந்த நாட்களில் ஓட்டத்துக்கு வேறு பாதையைத் தேர்ந்துகொள்ளுங்கள். திருவிழாவுக்குக் கட்டாயம் போங்கள்.

தெருக்களில் ஓடும்போது ஓர் எச்சரிக்கை. பெங்களூரில் பல நடைபாதைகள் சாக்கடை மேல் கற்பலகைகளை அடுக்கி அமைத்தவை. பலகை ஒன்றின் மூலை தூக்கியிருப்பது வெளிச்சம் குறைந்த நேரத்தில் தெரியாது. அப்படி ஒன்றில் இடறிக் கணுக்கால் பிசகி, ஆறு வாரம் ஓடாமல் உட்கார்ந்திருந்தேன். அன்றுமுதல், வெளிச்சம் வரும்வரை நடைபாதையை விட்டு, எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி சாலையின் வலது ஓரமாகவே ஓடுகிறேன்.

அடுத்தது கப்பன் பூங்கா. மைசூர் அரசின் தலைமைப் பொறியாளராக இருந்த ரிச்சர்ட் சாங்கி 1870-இல் அமைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்காவின் உள்சாலைகளில் வாகனங்களை விடுவதில்லை என்பதால், ஓடுபவர்கள் அன்று நகரின் எல்லா மூலைகளிலிருந்தும் வந்து சேர்வார்கள். பூங்காவின் பெயரிலேயே மெட்ரோ நிலையம் இருக்கிறது. உள்சாலைகளை இணைத்து நான்கு கிலோமீட்டருக்குக் குறையாத ஒரு சுற்றை அமைத்துக்கொள்ளலாம்: உயர் நீதிமன்றமான சிவப்புக் கட்டடம், திவான் சேஷாத்ரி ஐயர் நினைவாக எழுந்த சிவப்பு நூலகம், அதன் பின்னால் மூங்கில் தோப்புகள், பாறைகளுக்கிடையே வளையும் மண்பாதை என்று காட்சி மாறிக்கொண்டே இருக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் தார்ச்சாலையை விட்டு மண்பாதையிலேயே ஓடலாம். சாலையைக் கடந்தால் கர்நாடகச் சட்டமன்றம் இருக்கும் விதான சௌதா. ஞாயிறு காலை ஆறு மணிக்கு அதன் முன்னால் ஓடும்போது, அந்த அகலமான சாலை நமக்காகவே காலி செய்து வைத்ததுபோல் இருக்கும்.

இந்நகரின் மரங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. 1908-இல் பெங்களூருக்கு வந்த ஜெர்மானியத் தோட்டக்கலை நிபுணர் க்ரும்பீகல், ஒரு தெருவின் மரம் பூத்து ஓயும்போது அடுத்த தெருவின் மரம் பூக்க வேண்டும் என்று கணக்கிட்டு மர வகைகளைத் தேர்ந்தார் என்பார்கள். அதன் பலனை இன்றும் ஓடுபவர்கள்தான் முழுதாக அனுபவிக்கிறார்கள். பனிக்காலத்தில் இளஞ்சிவப்பு டபேபுயா, பிப்ரவரி மார்ச்சில் மஞ்சள் டபேபுயாவும் ஊதா நிற ஜகரண்டாவும், ஏப்ரல் முதல் குல்மோகர். மார்ச் மாதத்து விடியலில் ஜகரண்டா உதிர்ந்த தெருவில் ஓடினால் காலணியின் அடிப்பாகமே ஊதாவாகிவிடும். தூங்குமூஞ்சி மரங்கள் பூவுக்காக அல்ல, குடைக்காக. வெயில் ஏறிய பிறகு ஓட நேர்ந்தால் அவை நிற்கும் சாலையாகப் பார்த்து ஓடுங்கள்.

கப்பன் பூங்காவிலிருந்து மகாத்மா காந்தி சாலை வழியே கிழக்கே ஓடினால் அல்சூர் ஏரி. அங்கே இருந்தபோது, நீண்ட தூரம் ஓட விரும்பிய ஞாயிறுகளில் இரண்டையும் இணைத்து ஓடுவேன். ஏறக்குறைய 123 ஏக்கர் பரப்பும் நடுவே தீவுத் திட்டுகளும் கொண்ட பழைய ஏரி அது. முழுச் சுற்றும் நீரை ஒட்டியே ஓட முடியாது. ஒரு பகுதியில் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்று நாம் அறிந்த ராணுவப் பொறியாளர் படைப்பிரிவின் இடம் இருப்பதால், சில பகுதிகளில் வெளிச்சாலைக்கு வந்துதான் சுற்றை முடிக்க வேண்டும். அந்தப் பக்கத்துத் தெருக்களில் தமிழ்க் குரல்கள் சாதாரணமாகக் கேட்கும். பதினெட்டு ஆண்டுகள் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலை ஏரிக்கு அருகில்தான் இருக்கிறது. அதற்கு ஈடாகச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞருக்குச் சிலை எழுந்தது. ஊருக்குப் புதிதாக வந்து மனம் ஒட்டாமல் தவிக்கும் முதல் மாதத்தில், அந்தச் சிலைவரை ஓடி, ஏதாவது ஒரு தள்ளுவண்டியில் இட்லி சாப்பிட்டுவிட்டுத் திரும்புங்கள்.

இவையெல்லாம் விடுமுறை நாளுக்கானவை. வேலை நாட்களில் எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து இவ்வளவு தூரம் வந்துபோக இயலாது. எலெக்ட்ரானிக் சிட்டியின் முதல் கட்டம் (ஃபேஸ் 1) எனப்படும் பகுதிக்குள் இருக்கும் சாலைகள் அகலமானவை, மரங்கள் நிறைந்தவை; அலுவலகப் பேருந்துகள் வரத்தொடங்கும் முன், ஏழு மணிக்குள் முடித்துக்கொண்டால் வேலை நாட்களுக்கு அதுவே போதும். சற்று மாற்றம் வேண்டுமென்றால் பேகூர் ஏரி. ஏரிக்கு அருகிலுள்ள நாகேசுவரர் கோயிலில் கிடைத்த, ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்றில்தான் 'பெங்களூர்' என்னும் பெயர் முதன்முதலில் காணப்படுகிறது. அது ஒரு போரில் இறந்த வீரனுக்கு நாட்டிய நடுகல். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வயல்வரப்பிலும் ஏரிக்கரையிலும் நடுகற்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு, இவ்வளவு பெரிய நகரின் பெயரே முதலில் ஒரு நடுகல்லில்தான் தென்படுகிறது என்பது மனத்தைத் தொடும் செய்தி.

சில்க் போர்டு சாலைச் சந்திப்பின் பக்கம் குடியேறினால் எச்.எஸ்.ஆர். லேஅவுட்டை ஒட்டிய அகரா ஏரியும், சர்ஜாபூர் சாலையில் உள்ள கைகொண்டரஹள்ளி ஏரியும் உங்களுக்கு வாய்க்கும். இரண்டாவதைப் பற்றிப் பெருமையோடு சொல்லலாம்: வறண்டு குப்பை மேடாகிக்கொண்டிருந்த ஏரியை, சுற்றுப்புற மக்கள் மாநகராட்சியோடு சேர்ந்து 2009 முதல் மீட்டெடுத்தார்கள். 48 ஏக்கர், கரையைச் சுற்றிய மண்பாதை ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர். நான் ஐந்து சுற்று ஓடிப் பத்துக் கிலோமீட்டர் என்று கணக்கு வைத்துக்கொள்வேன். கூழைக்கடாக்கள் நீரில் இறங்குவதைக் கண்டால் நின்றுவிடுவேன். அந்தக் காட்சிக்காக ஓட்டத்தை நிறுத்துவதில் எனக்கு வருத்தமில்லை.

அதே பகுதியில் பெல்லந்தூர் ஏரி இருக்கிறது. வரைபடத்தில் பெரிதாக, நீலமாகத் தெரிவதை நம்பி ஓடப் போய்விடாதீர்கள். கழிவுநீர் சேர்ந்து நுரை பொங்கி, 2015-இலும் 2017-இலும் 2018-இலும் தீப்பற்றிய ஏரி அது. அந்த நீர்தான் வர்த்தூர் ஏரி வழியாகத் தென்பெண்ணையில் இறங்கி, கெலவரப்பள்ளி அணையின் மதகில் நுரையாகப் பொங்குகிறது. அகரா ஏரியில் ஓடும் ஒருவர் கரையில் போட்ட பிளாஸ்டிக் உறை, பெல்லந்தூருக்குப் போய், அங்கிருந்து நம் ஊர்ப் பக்கம் கிளம்புகிறது என்பதை நான் கண்ணால் கண்டதுபோல் உறுதியாகச் சொல்வேன். நீங்கள் ஏரிக்கரைகளில் ஓடத் தொடங்கினால், அந்தந்த ஏரியைப் பார்த்துக்கொள்ளும் அப்பகுதிக் குழுவினரோடு மாதத்தில் ஒரு காலையாவது கைகொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நகரின் வடபகுதிக்குப் போகும் வாய்ப்புக் கிடைத்தால், மல்லேசுவரத்தில் ஒரு காலை ஓடிப் பாருங்கள். சம்பிகே சாலை என்றால் செண்பகச் சாலை. மார்கோசா சாலை என்றால் வேம்புச் சாலை. குறுக்குத் தெருக்களில் பூக்கடைகள் திறக்கும் நேரத்தில் ஓடி, கப்பன் பூங்காவை அமைத்த அதே சாங்கி 1882-இல் கட்டிய சாங்கி ஏரியில் முடிக்கலாம். காட்டுப்பாதை விரும்புபவர்களுக்குக் கனகபுரா சாலையை ஒட்டித் துரஹள்ளி வனம் இருக்கிறது. தனியாகப் போக வேண்டாம், நான்கைந்து பேராகப் போங்கள். ஹெப்பாளுக்கு அருகிலுள்ள வேளாண் பல்கலைக்கழக வளாகம் நெடுந்தூரம் ஓடுபவர்களுக்குப் பேர்போனது. வெளியாரை அனுமதிக்கும் விதிகள் மாறிக்கொண்டிருப்பதால் வாசலில் கேட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். குடியிருப்புகளுக்குள் இருக்கும் சிறு பூங்காக்கள் சிலவற்றில் ஓடக்கூடாது, நடக்க மட்டுமே அனுமதி என்று பலகை இருக்கும். வயதானவர்கள் நடக்கும் இடம் என்பதால் அதை மதித்து விலகுவதே முறை.

தனியாக ஓடலாமா என்று கேட்டீர்கள். லால்பாக், கப்பன் பூங்கா, கைகொண்டரஹள்ளி, ஜெயநகர் ஆகிய இடங்களில் காலை ஆறிலிருந்து எட்டு வரை பெண்கள் தனியாக ஓடுவதை நாள்தோறும் பார்த்திருக்கிறேன். ஆறு மணிக்கு முன் இருட்டில் வேண்டாம். அந்த நேரத்தில் மனிதர்களைவிடத் தெருநாய்க் கூட்டங்கள்தான் பெரிய தொல்லை. நாய் துரத்தினால் வேகத்தைக் கூட்டாமல், நின்று, முகம் கொடுத்து, மெல்ல நடந்து விலகுங்கள். மாலை ஓட்டத்தை நான் பரிந்துரைப்பதில்லை: வண்டிப் புகை தரையோடு தங்கியிருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் மாலை இடியோடு மழை பிடித்தால் பழைய மரங்களின் கிளை முறிந்து விழுவது அங்கே வழக்கம். காற்று வீசத் தொடங்கியதும் மரத்தடியை விட்டு வெளியேறிவிட வேண்டும். செப்டம்பர், அக்டோபரில்தான் மழை மிகுதி. அந்த இரு மாதங்களில் மண்பாதைகளைவிடத் தார்ச்சாலையே நல்லது. ஒன்றை எதிர்பார்த்துப் போங்கள்: நம் ஊரின் வெக்கைக்குப் பழகிய உடம்பு அங்கே முதல் வாரத்தில் இதமான குளிரில் ஏமாந்து, தாகம் தெரியாமல் அதிக தூரம் ஓடிவிடும். முதல் இரு வாரங்கள் வழக்கமான தூரத்தில் முக்கால் பங்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வார இறுதியில் ஊருக்கு வரும்போது ஓட்டத்தை விட்டுவிடாதீர்கள். 1957-இல் காமராசர் முதல்வராக இருந்தபோது திறக்கப்பட்ட நம் அணைக்குப் போகும் சாலையும், அதிலிருந்து பிரியும் வாய்க்கால் கரைகளும், தென்னந்தோப்பும் மாந்தோப்புமாக, பெங்களூரில் எந்தப் பூங்காவிலும் கிடைக்காத ஒரு பாதையை உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அங்கேதான் ஓடுகிறேன். மீன் வறுவல் கடைகள் அடுப்பு மூட்டும் முன்பே முடித்துவிடுவேன். மழைக்காலத்தில் வாய்க்காலில் புது நீர் வரும்போது அதன் நிறத்தைப் பார்ப்பேன். செம்மண் கலங்கலாக வந்தால் பெங்களூர்ப் பக்கம் நல்ல மழை, அதன் மேல் வெள்ளையாக நுரை ஒதுங்கியிருந்தால் அங்குள்ள ஏரிகள் இன்னும் தேறவில்லை.